கடல்குதிரைத் தொட்டியின் தண்ணீர் எங்கே போகும்

எழிலா,

நம் நிலத்தில் தொட்டி கட்ட நீ அனுப்பிய சம்மதக் காகிதமும் படமும் கடிதமும் வந்து பதினோரு நாள் ஆகிறது. காகிதத்தின் அடியில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு, "இந்த இடத்தில் கையெழுத்து, அம்மா" என்று எழுதியிருக்கிறாய். அதைத் தவிர என்னிடம் நீ எதையும் கேட்கவில்லை. தொட்டி எவ்வளவு ஆழம் இருக்கலாம், எதனால் செய்யலாம், எங்கே வைக்கலாம் என்று ஒரு வார்த்தை இல்லை. மீன்வளம் படித்துப் பட்டம் வாங்கியவன் அம்மாவிடம் போய் என்ன கேட்பது என்று நினைத்திருப்பாய். நான் பள்ளிக்கூடம் போனதில்லைதான். உன் அப்பா கட்சிப் படிப்பகத்திலிருந்து கொண்டுவந்து போடும் பழைய தாள்களை எழுத்துக் கூட்டிப் படித்துத்தான் எழுதவும் கற்றேன். ஆனால் இறால் கம்பெனியின் குஞ்சுக் கொட்டகையில் மூன்று வருஷம் உப்புத் தண்ணீரில் நின்றவள் நான். உனக்கு அது மறந்திருக்கலாம். மறக்காவிட்டாலும் அதை ஒரு படிப்பு என்று நீ எண்ணவில்லை. நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். கையெழுத்தைப் பற்றிக் கடைசியில் பேசலாம். உன் படத்தில் தொட்டிகளிலிருந்து கிழக்கே பார்த்து ஒரு நீல அம்புக்குறி போட்டிருக்கிறாயே, அதைப் பற்றியும் கடைசியில்தான். அந்த அம்பைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

முதலில் தொட்டி. நீ வரைந்திருப்பது கடல்குதிரைக்கான தொட்டியே அல்ல. நீளமாக, அகலமாக, முழங்கால் ஆழத்தில், நம் களத்துமேட்டில் வரிசையாக ஆறு சிமெண்ட் தொட்டிகள். அது இறால் தொட்டி. நெல் விளைகிற ஊரில் பிறந்தவர்களுக்கு வருகிற புத்தி அது. தண்ணீர் என்றால் பரப்பி நிறுத்துவது என்று நம் கண் பழகிப்போயிருக்கிறது. கடல்குதிரை நிமிர்ந்து நின்று நீந்துகிற மீன். ஓடித் திரிவதற்கு இடம் கேட்காது. எழும்புவதற்குத்தான் இடம் கேட்கும். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. காயலிலிருந்து கம்பெனிக்குத் தண்ணீர் இழுக்கும் குழாயின் வாய் வலையில் ஒருநாள் இரண்டு கடல்குதிரைகள் சிக்கின. முத்துப்பேட்டையில் அவற்றைக் காயவைத்துச் சாக்கில் கட்டுவதை நீயும் பார்த்திருக்கிறாய், நானும் பார்த்திருக்கிறேன். உயிரோடு பார்த்தது அன்றுதான். ஒரு சாண் உயரம்கூட இல்லை. ஒன்றின் வாலை ஒன்று பற்றிக்கொண்டு வலையில் கிடந்தன. மானேஜர் அவற்றை ஒரு காலித் தொட்டியில் விடச் சொன்னார். இந்தச் சாதியில் ஆண்தான் வயிற்றுப் பையில் முட்டையை வாங்கிச் சுமந்து பெறும் என்று அவர் சொன்னதும் குஞ்சு எண்ணிக்கொண்டிருந்த பெண்கள் கிண்ணங்களைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"நெசமாவா சார்? ஆம்பளயா பெத்துக்குது?"

"ஆமாம்மா. ஒரு தடவைக்கு நூறு, இருநூறு."

"அப்ப நான் கட்டுனவன அனுப்பிட்டு இந்தக் குதிரயக் கட்டிக்கிறேன்."

"கட்டிக்கடி. பெத்துப் போட்டுட்டு அதுவும் ஒங்கிட்டதான் சோறு கேக்கும்."

சிரித்துச் சிரித்து அன்றைக்கு எண்ணிக்கையே தப்பிப்போனது. ஆனால் அடுத்த வாரம் நான் பார்த்ததற்கு யாரும் சிரிக்கவில்லை. விடிந்ததும் இரண்டும் பக்கத்தில் வந்து, நிறம் மாறி, வயிற்றோடு வயிறு சேர்த்து மேலே எழும்பின. முட்டை கை மாறுவது அப்படி எழும்புகிற நேரத்தில்தான். முழங்கால் ஆழத் தொட்டியில் பாதிக்குத்தான் தண்ணீர் இருந்தது. எழும்பத் தொடங்கியதுமே தண்ணீர் முடிந்துவிட்டது. தலை மேலே முட்டிக்கொண்டது. பெண் கொடுத்த முட்டை ஆணின் பைக்குள் போகாமல் கேசரிப் பருக்கைகள்போல் ஆரஞ்சு நிறத்தில் சிமெண்ட் தரையில் உதிர்ந்தது. இரண்டு முறை அப்படி ஆயிற்று. மூன்றாம் முறைக்குப் பெண் உயிரோடு இல்லை. ஆண் மட்டும் காற்றுக் குழாயை வாலால் பிடித்துக்கொண்டு, தினமும் விடிந்ததும் எழும்பி எழும்பிப் பார்த்தது. பிறகு அதுவும் நிறுத்திவிட்டது. உன் படத்தைப் பிரித்தபோது எனக்கு முதலில் கண்ணில் பட்டது அந்த ஆரஞ்சு முட்டைகள்தான். ஆறு தொட்டி நிறைய.

ஆகவே கண்ணாடித் தொட்டி வாங்கு. ஒன்றே ஒன்று போதும். நீளம் இரண்டு முழம் இருந்தால் தாராளம். உயரத்தில் கஞ்சத்தனம் பார்க்காதே. நிற்கிற தண்ணீர் மட்டும் மூன்று சாணுக்குக் குறையக்கூடாது, நான்கு சாண் இருந்தால் நல்லது. உயரமான தொட்டியின் கண்ணாடியை அடிப்பக்கம் தண்ணீர் வெளியே தள்ளும். கடைக்காரன் சொல்வதைவிட ஒரு படி கனமான கண்ணாடி கேள். புதுச் சிமெண்ட் சுண்ணாம்பைக் கக்கிக்கொண்டே இருக்கும், அது வேண்டாம். தண்ணீர் சுழன்று அடிக்கிற மோட்டார் வேண்டாம். கடல்குதிரை பலவீனமான நீச்சல்காரன், களைத்துச் செத்துப்போகும். வடிகட்டியின் வாயில் மெல்லிய வலை கட்டு, வாலை உள்ளே விட்டு மாட்டிக்கொள்ளும். பிடித்துக்கொள்ளக் குச்சியோ, பழைய நைலான் கயிறோ தொங்கவிடு. பிடிக்க ஒன்றும் கிடைக்காவிட்டால் அவை ஒன்றின் கழுத்தை ஒன்று பிடித்துக்கொள்ளும். செம்பு, பித்தளை எதுவும் அந்தத் தண்ணீரில் படக்கூடாது. உன் அப்பா குடிதண்ணீர்த் தவலையில் செப்புக்காசு போட்டு வைப்பாரே, அந்தப் பழக்கம் இங்கே விஷம். செம்பு உப்பான மயில்துத்தம் கரைத்த வாளியைக் கழுவிவிட்டோம் என்று நம்பி அதில் தீனி அள்ளிப் போட்டு, ஒரு தொட்டிக் குஞ்சை நான் ஒரே மத்தியானத்தில் கொன்றிருக்கிறேன். வேறு மீன் எதையும் கூட விடாதே. இது மெதுவாகத் தின்கிற பிராணி. கூட இருப்பவன் தின்று முடித்த பிறகுதான் தீனி எங்கே என்று பார்க்கும்.

குஞ்சுக்குத் தனித் தொட்டி வேண்டும். அது உயரமாக இருக்க வேண்டியதில்லை, அடி உருண்டையாக, மூலையே இல்லாமல் இருக்க வேண்டும். பிறந்த குஞ்சு வெளிச்சத்தைப் பார்த்து மேலே போய்க் காற்றை விழுங்கிவிடும். பிறகு கீழே இறங்க முடியாமல் மிதந்தே சாகும். பக்கங்களைக் கறுப்புத் துணியால் மூடி, தண்ணீர் மெல்ல ஒரே சுற்றாகச் சுற்றும்படி காற்றை விடு. தீனிக்கு ஆர்ட்டீமியா முட்டை பொரிக்க உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, பெரியவற்றுக்குக் காயலில் சென்னாக்குனிப் பொடி இறால் உயிரோடு கிடைக்கும். தொட்டியை வீட்டுக்குள் வடக்குச் சுவரோரம் வை. சித்திரை வெயிலில் களத்துமேட்டுத் தண்ணீர் கஞ்சியாகக் கொதிக்கும். கரண்டு போனால் காற்று நிற்காமல் இருக்கப் பேட்டரி கட்டு. நாற்பது நாள் வெறும் உப்புத் தண்ணீரை ஓடவிட்டுத் தொட்டியைப் பழக்கு, பிறகு மீனை விடு. கடல்குதிரை பிடிப்பதற்கே தடை வரப்போகிறது என்று முத்துப்பேட்டையில் பேசிக்கொள்கிறார்கள். அனுமதிக்கு எழுதியிருக்கிறேன் என்கிறாய். அனுமதி கையில் வரும்வரை அந்த நாற்பது நாளை எண்பதாக்கு.

இவ்வளவும் தொட்டிக்குள் இருப்பவை. தொட்டி விற்கிறவனும் வாங்குகிறவனும் தண்ணீர் எப்படி உள்ளே வரும் என்று கேட்பார்கள். எப்படி வெளியே போகும், யார் வீட்டு வாசலுக்குப் போகும் என்று கேட்கிறவர்களை நான் பார்த்ததில்லை. வாராவாரம் பழைய தண்ணீரை எடுத்துப் புதுத் தண்ணீர் விட்டால்தான் கடல்குதிரை பிழைக்கும். ஆறு சிமெண்ட் தொட்டியின் பழைய தண்ணீருக்கு நீ போட்ட வழிதான் அந்த நீல அம்பு. களத்துமேட்டிலிருந்து வடிகாலுக்கு. வடிகாலை ஒட்டிக் கீழே யார் வயல் இருக்கிறது என்று உன் படத்தில் இல்லை. அஞ்சலை வயல். நீ சின்னம்மா என்று கூப்பிடுகிற அஞ்சலை.

இனி நான் சொல்லப்போவதை உன் அப்பாவிடமும் சொல்லவில்லை. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். நிலத்துக்காகக் கொடி பிடித்த காலத்தில் அஞ்சலையும் நானும் ஒன்றாக நின்றவர்கள். உச்சவரம்பில் எடுத்த நிலத்தைப் பிரித்தபோது எனக்கு மூன்று மா, அதை ஒட்டிக் கீழே அவளுக்கு மூன்று மா. பிறகு மேற்கே இருந்த மிராசுதார் தன் நிலம் முழுவதையும் இறால் கம்பெனிக்கு விற்றார். காயலிலிருந்து உப்புத் தண்ணீர் கொண்டுவர ஊர் நடுவே குழாய் பதிக்க லாரிகள் வந்தபோது, முதல் லாரிக்கு முன்னால் ரோட்டில் உட்கார்ந்தவர்களில் நாங்கள் இரண்டு பேரும் உண்டு. உன் அப்பா கரைவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"எந்திரி புள்ள. நடக்குறது நம்ம ஆட்சி. நம்மளே மறிச்சா கட்சிக்காரன் மூஞ்சில எப்புடி முழிக்கிறது?"

"ஒங்க ஆட்சின்னா நீங்க போயி குழாயக் குடிங்க" என்றாள் அஞ்சலை. "அக்கா எந்திரிக்காது."

நான் எழுந்திருக்கவில்லை. லாரி திரும்பிப் போயிற்று. அடுத்த தேர்தலில் ஆட்சி மாறியது. குழாய் பதிப்பதை எதிர்த்து எங்களோடு உட்கார்ந்தவர்களே வேறு கரைவேட்டியில் வந்து, ஊருக்கு வேலை வரப்போகிறது என்றார்கள். வேட்டியின் கரை மாறியது, குழாய் மாறவில்லை. நானும் மாறினேன். நீ தூத்துக்குடியில் விடுதியில் இருந்தாய், உன் அப்பாவுக்கு இளைப்பு. உனக்காகத்தான் கம்பெனி வேலைக்குப் போனேன் என்று உன் தலையில் கட்டமாட்டேன். போனது நான். அஞ்சலை வரவில்லை.

இரண்டாம் வருஷம் ஆவணியில் மேட்டூரைத் தாமதமாகத் திறந்தார்கள். கடைமடைக்கு ஆற்றுத் தண்ணீர் வராதபோது நம் ஆட்கள் மேல்வயலில் வடிகிற தண்ணீரை விடமாட்டார்கள். வடிகாலின் குறுக்கே மண் மூட்டைகளை அடுக்கித் தேக்கி, இறைத்து நாற்றங்காலுக்கு விடுவார்கள். எத்தனையோ வருஷம் அஞ்சலையும் நானும் சேர்ந்து அந்த மூட்டைகளைக் கட்டியிருக்கிறோம். ஒருத்தி சாக்கின் வாயை விரித்துப் பிடிக்க, ஒருத்தி மண்ணை வெட்டிப் போடுவாள். ஒற்றை ஆளால் ஆகிற வேலை அல்ல. அந்த வருஷம் என் வயல் தரிசு, நான் கம்பெனிக்காரி. அவள் தன் புருஷனை வைத்துக் கட்டினாள். காலையில் வேலைக்குப் போகும்போது அந்த மூட்டைகளைப் பார்த்தேன். பார்த்தேன் என்று எழுதுவதற்கு எனக்கு எட்டு வருஷம் ஆகியிருக்கிறது.

அன்று மத்தியானம் அறுவடை முடிந்த குளத்தை வடிக்க வேண்டும். வால்வு திருப்புகிறவன் வரவில்லை. மானேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"என்னம்மா பாத்துக்கிட்டு நிக்கிற? தொற."

"வடிகால்லயா சார்?"

"பின்ன ஒங்க வீட்லயா விடுவாங்க? கடல்லேர்ந்து வந்த தண்ணி கடலுக்குப் போவுது. தொறம்மா."

கீழே அடைத்திருக்கிறார்கள் சார் என்பது வாய்வரை வந்தது. நிரந்தர வேலைக்குப் பெயர் எழுதுகிற வாரம் அது. வால்வுச் சக்கரம் இறுகிக் கிடந்தது. புடவைத் தலைப்பைச் சுற்றிப் பிடித்து இரண்டு கையாலும் திருப்பினேன். தண்ணீர் கறுப்பாக, நுரைத்துக்கொண்டு போயிற்று. போகிற திசையை நான் பார்க்கவில்லை.

நான்காம் நாள் அஞ்சலை ஒரு பிடி நாற்றைப் பிடுங்கிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தாள். நுனியெல்லாம் கருகி, அடி செம்பட்டையாக இருந்தது.

"அக்கா, நாத்துல என்னமோ நோவு. ஒங்க கம்பெனில படிச்சவங்க இருக்காங்கல்ல, என்ன மருந்துன்னு கேட்டுச் சொல்லேன்."

நாற்றின் ஒரு தாளைக் கிள்ளி வாயில் வைத்தேன். உப்பு கரித்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பூச்சியா இருக்கும்டி. மருந்து அடிச்சுப் பாரு" என்றேன்.

அவள் அடித்தாள். உப்புக்கு மருந்து அடித்தாள், எழிலா. அந்த வருஷம் அவள் வயலில் நடவு இல்லை. அவள் புருஷன் திருப்பூர் போனான், இன்றுவரை பொங்கலுக்கு மட்டும் வருகிற விருந்தாளி. அடுத்த கோடையில் அவள் வயலில் உப்பு வெள்ளையாகப் பூத்தது. மழை விட்ட சாயங்காலங்களில் ஊர் முழுக்கத் தவளை கத்தும், அந்த மூன்று மாவில் மட்டும் சத்தம் இருக்காது. நான் வாசலில் உட்கார்ந்து அதைத்தான் கேட்பேன். பிறகு வழக்கு, ஆர்ப்பாட்டம், இறாலுக்கு வந்த நோய் எல்லாம் சேர்ந்து கம்பெனி போயிற்று. ஊர் கம்பெனியைச் சபித்தது, நானும் கூடச் சேர்ந்து சபித்தேன். அஞ்சலை தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது, மழைத் தண்ணீரைக் கட்டிக் கட்டி வடித்து, ஏழு வருஷம் அந்த மண்ணைக் கழுவினாள். இந்த மார்கழியில்தான் முழு வயலும் ஒரே நிறத்தில் நிற்கிறது. கதிர் பால் பிடித்திருக்கிறது. போன மாதம் அங்கே தவளை கத்தியது.

அந்த வயலை நோக்கித்தான் உன் அம்பு போகிறது. "சின்னம்மாவுக்கும் குஞ்சு எண்ணுகிற வேலை கொடுக்கலாம்" என்று கடிதத்தின் கடைசி வரியில் எழுதியிருக்கிறாய். நல்ல மனதோடுதான் எழுதியிருப்பாய். மானேஜரும் கெட்டவர் இல்லை, என்னை அம்மா என்றுதான் கூப்பிடுவார்.

முந்தாநாள் களத்துமேட்டுக்குப் போனேன். நான்கு மூலையிலும் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டியிருந்தது. வடிகால்வரை சுண்ணாம்பில் கோடு போட்டிருந்தது. என் கையெழுத்து வருவதற்குள் உன் கொத்தனார் வந்து போயிருக்கிறான். அஞ்சலை வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி மீன் தொட்டி கட்டப்போவுதாமே அக்கா? எனக்கும் வேல இருக்குன்னு கொத்தனார் சொல்றான். அது என்ன தண்ணி, நல்ல தண்ணிதானே?"

இந்த முறை வாய்வரை வந்ததை நான் விழுங்கவில்லை. உன் தொட்டியைச் சொன்னேன். பிறகு ஆவணி மத்தியானத்தையும் சொன்னேன். மூட்டைகளைப் பார்த்ததையும், நாற்றில் உப்புக் கரித்ததையும் சொன்னேன். திட்டுவாள், அரிவாளை வீசுவாள் என்று நின்றேன். அவள் அறுத்த புல்லைக் கட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"எந்தக் கையி?" என்றாள்.

"ரெண்டு கையும்."

என் இரண்டு கைகளையும் பார்த்தாள். புல்லுக்கட்டைத் தானே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போனாள். கட்டைத் தூக்கிவிட நான் நீட்டிய கையைத் தொடவில்லை. நேற்று முழுவதும் அவள் வீட்டுக் கதவு சாத்தியே இருந்தது.

இன்று காலை வடிகால் பக்கம் மண்வெட்டிச் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். அஞ்சலை மூட்டை கட்டுகிறாள். எப்போதும் தன் வயலுக்குக் கீழேதான் கட்டுவாள், தண்ணீரைத் தேக்க. இன்று கட்டுவது தன் வயலுக்கு மேலே, நம் எல்லைக்கும் அவள் எல்லைக்கும் நடுவில். இத்தனை வருஷத்தில் எங்கள் இரண்டு வயலுக்கும் நடுவே ஒரு மண்ணாங்கட்டிகூட இருந்ததில்லை. சாக்கின் வாயைப் பிடிக்க ஆள் இல்லாமல், அதைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு ஒற்றை ஆளாக மண்ணைப் போடுகிறாள். பாதி மண் வெளியே விழுகிறது.

உன் காகிதத்தைத் திருப்பி அனுப்புகிறேன். பெருக்கல் குறி இருக்கிற இடத்தில் ஒன்றும் இல்லை. பின்பக்கம் பார். நான் சொன்ன கண்ணாடித் தொட்டியை வரைந்திருக்கிறேன், பக்கத்தில் மூடி போட்ட இரண்டு நீல டிரம். வாராவாரம் பழைய தண்ணீரை அந்த டிரம்மில் பிடித்து வண்டியில் ஏற்றி, அது வந்த காயலிலேயே கொண்டுபோய் விடுவேன் என்று சம்மதித்தால், நம் வீட்டு வடக்குச் சுவர் உனக்கு. சம்மதமில்லை என்றால் வேறு ஊரில் வேறு நிலம் பார். பட்டா என் பெயரில் இருக்கிறது. நான் இருக்கும்வரை அந்த மண்ணில் ஒரு குவளை உப்புத் தண்ணீர் இறங்காது. பிடிவாதக்காரி என்று உன் அப்பா சொன்னதை நீயும் சொல்லிக்கொள்.

சிமெண்ட் லாரி வருகிற வெள்ளிக்கிழமை என்று கொத்தனார் சொன்னான். நிறுத்தச் சொல்லி நீ தந்தி கொடுத்தால் நல்லது. கொடுக்காவிட்டாலும் லாரி களத்துமேட்டுக்கு வராது. ரோட்டில் உட்காருவது எனக்குப் புதிதல்ல. முன்பு லாரி நின்றது, பிறகு நகர்ந்தது நான்தான். இந்த முறை நகரமாட்டேன்.

இதை ஒட்டிவிட்டு வடிகாலுக்குப் போகிறேன். அவள் என்னை விரட்டலாம். விரட்டினால் கொஞ்சம் தள்ளி நிற்பேன். விரட்டாவிட்டால், சாக்கின் வாயைப் பிடிக்கப் போகிறேன், இரண்டு கையாலும்.

உன் அம்மா